அசையாத எழுபத்து நாலு

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் அடுத்த நிமிஷமே கழற்றி அலமாரிக்குள் போட்டுவிடுவேன். பேட்டரி வாங்கி வரும்வரை சுவர் வெறும் சுவராகவே இருக்கட்டும் என்பேன். என் பிள்ளைகள் இதைக் கிறுக்குத்தனம் என்று கேலி செய்வார்கள். நின்ற கடிகாரமும் ஏதோ ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது, பார்க்கிறவர் நம்பிவிடுவார் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. இந்தப் பயம் என்னை அரியலூரில் பிடித்தது. இன்னும் விடவில்லை.

எண்பதுகளின் பின்பாதி. மெட்ராஸில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குப் புரோகிராம் எழுதும் வேலை. கம்ப்யூட்டர் என்றால் ஜாதகம் கணிக்கிற பெட்டி என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் எங்கள் கம்பெனி ஒரு கம்ப்யூட்டரை நிறுவியிருந்தது. ஆலையில் அங்கங்கே சூடு எவ்வளவு இருக்கிறது என்று வயர் வழியாக விசாரித்துத் திரையில் காட்டுவது அதன் வேலை. அந்தக் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று உறைந்துபோகிறது என்று புகார் வந்தது. "உனக்கு அந்தப் பக்கம்தானே, நீயே போ" என்று என்னை பஸ் ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் ஊர் பூலாம்பாடி. அக்காவைக் கட்டிக்கொடுத்தது பெரம்பலூரில். அக்கா வீட்டில் தங்கி, காலையில் அரியலூர் பஸ் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்புவது என்று ஏற்பாடு. மாமா, அதாவது அக்காவின் கணவர், வீட்டின் முன்பகுதியிலேயே மோட்டார்க் கடை வைத்திருந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருவார். கடைக்குப் பின்னால் ஒரு நடு அறை, அதற்குப் பின்னால் சமையற்கட்டு, கொல்லை. நடு அறையில் மாமாவின் அம்மா கட்டிலில் கிடந்தார். அக்காவின் மாமியார் என்பதால் எனக்கும் அத்தைதான். இதயம் பலவீனம், கால் வீக்கம், எழுந்து நடமாட்டம் கிடையாது. வாய் மட்டும் நன்றாக நடமாடியது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு என்றாலும் அத்தை அதைச் சட்டமாகவே வைத்திருந்தார். எதையும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. அரிசி தீர்ந்துபோனால் 'அரிசி நெறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். எண்ணெயும் அப்படித்தான், உப்பும் அப்படித்தான். நான் போய் இறங்கிய அன்றைக்குச் சமையற்கட்டில் டப்பாவைத் திறந்து பார்த்து, "அக்கா, காப்பித்தூள் இல்ல" என்று கத்திவிட்டேன். நடு அறையிலிருந்து உடனே குரல் வந்தது.

"வெளக்கு வெக்கிற நேரத்துல யாருடி அது இல்லங்கறது? நெறைஞ்சிருக்குன்னு சொல்லு."

"நெறைஞ்சிருந்தா காப்பி போட வேண்டியதுதானே அத்தை?" என்றேன். அத்தை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கொல்லைக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒரு நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை. மாமா அரைக்கைச் சட்டை தவிர எதுவும் போடமாட்டார். "இது யாருதுக்கா?" என்றேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"தம்பியோடது. வாராவாரம் தொவச்சி வெக்கச் சொல்றாங்க அத்தை. வந்தா உடனே போட்டுக்குவானாம்."

தம்பி என்றால் மாமாவின் தம்பி. பம்பாயில் வேலை பார்த்தவர், கல்யாணம் ஆகாதவர். போன வருஷமே அங்கே விபத்தில் செத்துப்போனார். தகவல் வந்தபோது மாமா மட்டும் ரயிலேறிப் போனார். போய்ச் சேரும்போது உயிரில்லாத உடம்புதான் இருந்தது. மற்றவர் யாரும் இல்லாததால் அங்கேயே கொள்ளி வைத்துக் காரியத்தையும் முடித்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் திருச்சி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அத்தைக்கு எந்த அதிர்ச்சியும் ஆகாது என்று. எனவே சொல்லவில்லை. மொட்டைத் தலையோடு வந்து நின்ற மாமா, சமயபுரத்தில் வேண்டுதல் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் அந்தச் சாவு தெரியும். ஆனால் ஒரு வருஷமாகியும் அத்தையிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "இன்னுமா சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"எப்புடிடி சொல்றது? ஒரு நா தள்ளிப் போட்டோம், ரெண்டு நா தள்ளிப் போட்டோம், இப்ப வாயே வரல. நீயும் கேட்டா நல்லா இருக்கான்னு சொல்லிடு. மெட்ராஸ்லேருந்து போன் பேசுனேன்னு சொல்லு."

மறுநாள் காலையில் அந்த நாடகத்தைக் கண்ணாலேயே பார்த்தேன். மாமா குளித்துவிட்டு, கடை திறப்பதற்கு முன் அத்தையின் கட்டிலருகே போய் நின்றார். "அம்மா, தம்பி கடைக்குப் போன் பண்ணுனான். நல்லா இருக்கானாம். வேல ஜாஸ்தியாம். லீவு கெடைச்சதும் வரானாம்." அத்தை தலையை ஆட்டினார். மாமா போய்விட்டார். அடுத்த நாளும் அதே இடத்தில் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னார். செத்தவன் தினமும் காலையில் அந்த வீட்டுக்குள் வந்து, நலம் சொல்லிவிட்டுப் போனான். கொல்லைக்குப் போனால் கொடியில் சட்டை, உள்ளே வந்தால் இந்தச் செய்தி. அந்த வீட்டில் இருந்த நாட்களில் நான் தனியாகக் கொல்லைக்குப் போவதைக் கூடியவரை தவிர்த்தேன்.

ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூர் நெருங்க நெருங்க ரோட்டோரப் புளியமரங்களின் இலைகளில் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். மழை பெய்தால்தான் பச்சையைப் பார்க்கலாம். ஆலையின் கட்டுப்பாட்டு அறை மட்டும் ஏ.சி. போட்டுச் சில்லென்று இருந்தது. அங்கே ஒரு ஆபீசரும், செந்துறையிலிருந்து வருகிற ஒரு ஆபரேட்டரும் எனக்குத் துணை. ஒரு பெண் வந்து மெஷினைத் திறந்து உட்கார்ந்ததில் ஆபீசருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஆம்பள இஞ்சினியர் யாரும் வரலீங்களா?" என்று கேட்டார். "நெறைஞ்சிருக்காங்க சார்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

கம்ப்யூட்டருக்குள் எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுக்கிற நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். வெளியே இருக்கிற ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு அதற்குள் ஒரு சின்னப் புரோகிராம் இருக்கும். அதை டிரைவர் என்போம். கருவியிடம் போய் 'இப்போது சூடு எவ்வளவு' என்று கேட்டு, பதிலை வாங்கி வந்து மேலே கொடுப்பது டிரைவரின் வேலை. கேட்டும் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்பதை எழுத ஒரு பக்கம் போதும். நடக்காவிட்டால் என்பதை எழுதப் பல பக்கம் பிடிக்கும், அந்தப் பக்கங்களை எழுத எவருக்கும் ஆசை இருக்காது.

எனக்கு முன்னால் இந்த டிரைவரை எழுதியவர் ஜெயங்கொண்டத்துக்காரர். வெளிநாடு போய்விட்டார். அவருக்கும் அந்த ஆசை இருக்கவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டு டிரைவர் தூங்கப் போகும், பதில் வந்து எழுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் எழுப்ப ஆள் கிடையாது. தூங்கப் போகிறவன் வீட்டுச் சாவியையும் மடியில் கட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரி, மற்ற வேலைகளுக்கு வேண்டிய பூட்டையும் பிடித்துக்கொண்டே தூங்கியது. மற்ற வேலைகள் ஒவ்வொன்றாக வந்து வாசலில் காத்து நின்று, மொத்த மெஷினும் உறைந்துபோனது இதனால்தான். இதை இரண்டு மூன்று நாட்களில் கண்டுபிடித்துவிட்டேன். சரி செய்வதும் எளிதாக இருந்தது. காத்திருப்பதற்கு ஒரு கெடு, கெடு தாண்டினால் பூட்டை விட்டுவிட்டு வெளியே வா, அவ்வளவுதான்.

ஆனால் சில இடங்களில் அவரே கெடு வைத்திருந்தார். கெடு தாண்டினால் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். முன்பு எப்போதோ வந்த பழைய பதிலை எடுத்து, இப்போதுதான் வந்தது போல மேலே கொடுத்துவிடுகிறார். பதில் வரவில்லை என்று ஒரு வார்த்தை கிடையாது.

அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். மற்ற எண்கள் எல்லாம் ஒன்று ஏறுவதும் ஒன்று இறங்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தன. நிலக்கரி அரைக்கிற மில்லின் எண் மட்டும் எழுபத்து நாலு. முதல் நாள் வந்தபோதும் அதே எழுபத்து நாலைப் பார்த்த ஞாபகம். அன்று மதியம் அந்த மில்லைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். ஆட்கள் உள்ளே கை வைத்து வேலை செய்கிற அளவுக்கு அது ஆறிப்போனது. திரையில் எழுபத்து நாலு. உயிருள்ள எந்தச் சூடும் அப்படி அசையாமல் நிற்காது. நான் பார்த்துக்கொண்டிருந்தது செத்துப்போன ஒன்றின் கடைசி வார்த்தையை.

பழைய எண்ணைத் தூக்கிவிட்டு, பதில் வராத இடத்தில் வெறும் கோடுகள் தெரியும்படி மாற்றப்போகிறேன் என்று ஆபீசரிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"கோடெல்லாம் வேணாம்மா. மேலேருந்து யாராவது வந்து பாத்தா என்னா நெனப்பாங்க? ஏதோ ஒரு நம்பர் இருக்கட்டுமே. பாக்க லட்சணமா இருக்கும்ல?"

"லட்சணமா இருக்கும் சார். கரித்தூள் தீப்புடிச்சா அப்பவும் எழுவத்தி நாலுதான் காட்டும், பரவாயில்லீங்களா? அதுக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். அதச் சொல்ல வாய் இல்லாத மிஷினு எதுக்கு?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் கட்டுக்குள் நிற்காது. ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆபீசரைத்தான் திட்டினேனா, மாமாவையா என்று எனக்கே அப்போது தெரியவில்லை. ஜெயங்கொண்டத்துக்காரர் மேல் இருந்த கோபம்கூட அன்று பஸ்ஸில் திரும்பும்போது கொஞ்சம் தணிந்தது. அவர் வீட்டிலும் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மெஷினுக்கும் அதையே பழக்கிவிட்டார்.

இதற்கிடையில் வீட்டில் அக்காவுக்கு ஒரு புலம்பல். "அத்தைக்குப் பாதி இட்லிக்கு மேல எறங்க மாட்டேங்குது. ஆனா தெனம் மாவு ஆட்டு, மாவு ஆட்டுன்னு உசுர வாங்குறாங்க. யாருக்குடி இவ்ளோ மாவு? அக்கம்பக்கத்துக்குக் குடுத்து மாளல." சமையற்கட்டில் ஒரு கிரைண்டர் இருந்தது. மாமாவே மோட்டார் பூட்டிக் கொடுத்தது. போட்டால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். மத்தியானம் ஆனால் அத்தை கட்டிலிலிருந்து தவறாமல் கேட்பாராம், "இன்னிக்கு மாவு ஆட்டலியா?" வயசானவர்களின் பிடிவாதம் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசி நாள் மாற்றங்களை மெஷினில் ஏற்றி ஓட்டினேன். கரி மில்லுக்கு நேரே எழுபத்து நாலு மறைந்து நான்கு கோடுகள் வந்தன. "பாத்தீங்களா, நீங்க கை வெச்சதும் கெட்டுப்போச்சு" என்றார் ஆபீசர். ஆபரேட்டர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கையில் எரிந்து கருகிய வயர்த் துண்டு ஒன்று இருந்தது. சூட்டை அளக்கிற முனையே அங்கே கிடையாது, எப்போதோ கருகி உதிர்ந்துவிட்டிருக்கிறது. ஆபீசர் அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் டீ சாப்பிடுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

வேலை முடிந்துவிட்டதால் மத்தியான பஸ்ஸிலேயே பெரம்பலூர் வந்துவிட்டேன். முன்னால் மாமா கடையில் ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அக்கா கிரைண்டர் போட்டிருந்தாள். இரண்டு இரைச்சலுக்கும் நடுவில், பையை வைக்கலாம் என்று நடு அறைக் கதவைத் தள்ளினேன்.

அத்தை அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுகிற அழுகை அல்ல. வாயை முழுக்கத் திறந்து, கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து, சாவு வீட்டில் அழுகிற அழுகை. கிரைண்டர் சத்தத்தில் ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் நிறுத்தவில்லை, கையைக் காட்டிக் கூப்பிட்டார். போய்க் குனிந்தேன். என் காதருகே சொன்னார்.

"ஒங்கக்கா மாவு ஆட்டறப்ப மட்டுந்தான் பாப்பா அழுவேன். வேற நேரத்துல அழுதா பெரியவனுக்குக் கேட்டுரும்."

"அத்தை, உங்களுக்கு..."

"உசுரோட இருக்கறவன், வருசத்துல ஒரு தடவ சளி புடிச்சிருச்சுன்னு சொல்ல மாட்டானா? கால் வலிக்குது, சாப்பாடு சரியில்ல, ஒன்னுமே சொல்ல மாட்டானா? தெனம் நல்லா இருக்கானாம். நல்லா இருக்கானாம்."

அரியலூரில் நான் திரையைப் பார்த்துக் கண்டுபிடித்ததை இவர் கட்டிலில் படுத்தபடியே கண்டுபிடித்து வைத்திருந்தார் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. அவர் கண்டுபிடித்தது அதற்கும் முன்னால்.

"சமயபொரத்துல முடி குடுத்தேன்னு வந்து நின்னான். நானும் எத்தன மொட்டய பாத்துருக்கேன். வேண்டுதலுக்கு எங்க வூட்டுல எவனும் மீசைய எடுத்ததில்ல பாப்பா. மீசையும் இல்லாம வந்து நின்னான். அன்னிக்கே எனக்கு எல்லாம் போச்சு."

மாமா தலையைத்தான் யோசித்தார். மீசையை மறந்துவிட்டார். கொள்ளி வைத்தவனுக்கு மீசை இருக்காது என்று அந்த ஊரில் எந்தத் தாய்க்குத் தெரியாது?

"சொல்லிட வேண்டியதுதானே அத்தை? தெரியும்னு?"

"பாவம், தெனம் வந்து நின்னு சொல்லிட்டுப் போறான். அதுலதான் அவன் நிக்கிறான். ஒடைச்சிராத" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் கட்டிலை அடித்து அழ ஆரம்பித்தார். இப்போது என் காது பக்கத்தில் இருந்ததால் சொற்கள் கேட்டன. மகனின் பெயரைச் சொல்லி, சட்டை காயுதேடா, வந்து போட்டுக்கடா என்று ராகம் போட்டு அழுதார்.

அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

பின்னால் கிரைண்டர் நின்றது. முன்னால் மோட்டார் நின்றது. அத்தையின் குரல் மட்டும் வீடு முழுக்க எழுந்து நின்றது. அவர் வாயைப் பொத்தப் பார்த்தார், முடியவில்லை. பாதி ராகத்தில் இருந்த குரல் விரல்களைத் தாண்டி வந்தது. கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று எனக்குக் கையைக் காட்டினார். கதவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் சாத்தவில்லை. நன்றாக விரியத் திறந்து வைத்தேன்.

அக்கா கையெல்லாம் மாவோடு ஓடி வந்தாள். மாமா கடையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். அவர் கையில் செம்புக் கம்பிச் சுருள் இருந்தது. வழக்கமாகக் காலையில் நிற்கும் இடத்துக்கு அவர் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றார். உதடு அந்தப் பழைய வாக்கியத்தைத் தேடியது எனக்குத் தெரிந்தது. நல்லா இருக்கானாம் என்று இப்போதும் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"இல்லம்மா" என்றார். "அவன் இல்லம்மா."

அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னதற்காக அன்று யாரும் அவரை அதட்டவில்லை. அத்தை இரண்டு கைகளையும் நீட்டினார். மாமா வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டார். அவரும் ஒரு வருஷமாக யாருக்கும் கேட்கும்படி அழாதவர்தான். அத்தை அவர் தலையைத் தடவியபடி கேட்டார்.

"போறதுக்கு முன்ன வலிச்சிருக்குமாடா?"

"தெரியலம்மா."

"காலைல சாப்புட்டானா? வெறும் வயித்தோட போனானா?"

"தெரியலம்மா. நான் போறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சும்மா. எனக்கு ஒன்னுமே தெரியல."

அத்தை ஒவ்வொரு தெரியலைக்கும் தலையை ஆட்டினார். ஒரு வருஷத்தில் தன் மகனைப் பற்றி அவருக்கு வந்த முதல் சேதி அதுதான். அதை ஒன்று விடாமல் வாங்கிக்கொண்டார். டாக்டர் பயந்தபடி எதுவும் ஆகவில்லை, இதயம் அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா கையைக்கூடக் கழுவாமல் கொல்லைக்குப் போய்க் கொடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்துவந்தாள். அதில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் மாவு ஒட்டியிருந்தது. அத்தை சட்டையை வாங்கி முகத்தில் வைத்து மோந்து பார்த்தார்.

"சோப்பு வாசந்தான் வருது" என்றார்.

அப்போது கரண்ட் வந்தது. கிரைண்டரின் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. அது தானாகவே சுற்ற ஆரம்பித்துப் பழையபடி வீட்டை நிறைத்தது. அத்தையின் வாய் அசைந்தது, என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்கவில்லை. மாமா அவர் மடியிலிருந்து தலையைத் தூக்கி, "அத நிறுத்துங்க, அம்மா பேசுது" என்று கத்தினார். நான் ஓடிப்போய் அணைத்தேன்.